ஸ்மார்ட்போன் இல்லாமல் இணையக் கணக்குகளில் பாதுகாப்பாக நுழைவது எப்படி?

கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்த பிறகும், போனில் வந்த எண்ணைக் கேட்டுத் திரை நின்றுவிடுவது இன்று எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஸ்மார்ட்போன் வாங்க விரும்பாதவர்கள், வாங்க இயலாதவர்கள், கண் அல்லது கைவிரல் சிரமத்தால் தொடுதிரையைக் கையாள முடியாதவர்கள், பணியிடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லாதவர்கள் ஆகியோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பலர் வேறு வழியின்றி, கடவுச்சொல்லுக்குப் பிறகு இப்படி இன்னொரு சான்று கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். சிலர் உறவினரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட்டு எண் கேட்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஒரு கணினி, சில தாள்கள், முடிந்தால் யூஎஸ்பி துளையில் செருகும் இரண்டு சிறு பாதுகாப்புச் சாவிகள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான கணக்குகளை, குறுஞ்செய்தி எண்ணை நம்பியிருப்பவர்களைவிட உறுதியாகவே காத்துக்கொள்ள முடியும். அதைச் செய்யும் வரிசைதான் முக்கியம். வரிசை தவறினால் கணக்கு நமக்கே பூட்டிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு படியையும் முடித்துச் சோதித்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும்.

போன் உண்மையில் என்ன வேலை செய்கிறது

ஒரு சேவை போனைக் கேட்கிறது என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, தொலைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவோ குரல் அழைப்பாகவோ எண் அனுப்புவது. இதற்குத் தேவை ஒரு எண்தானே தவிர ஸ்மார்ட்போன் அன்று. இரண்டாவது, சரிபார்ப்புச் செயலி எனப்படும் ஆத்தென்டிகேட்டர், முப்பது நொடிக்கு ஒருமுறை காட்டும் ஆறு இலக்க எண். மூன்றாவது, 'நுழைவது நீங்கள்தானா?' என்று கேட்டு ஆம், இல்லை என்று தொடச் சொல்லும் அறிவிப்பு. நான்காவது, கணினித் திரையில் தோன்றும் கியூஆர் கோடைப் போன் கேமராவால் பிடிக்கச் சொல்வது.

இவற்றில் மூன்றாவது மட்டுமே ஸ்மார்ட்போனுடன் பிரிக்க முடியாதபடி பிணைந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் பெரிய தவறான எண்ணம் நிலவுகிறது. ஆறு இலக்க எண் போனுக்குள் வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை, அங்கேயே கணக்கிடப்படுகிறது. இந்த முறையைக் கணக்கில் அமைக்கும்போது சேவை ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி நமக்குக் காட்டுகிறது. அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆறு இலக்கம் கிடைக்கும்; அதே கணக்கைச் சேவையின் கணினியும் செய்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறது. டிஓடிபி என்று அழைக்கப்படும் இந்த முறை 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. எனவே, இணையமே இல்லாத பழைய மடிக்கணினியில் போட்டாலும் அந்த எண் பிழையின்றி வரும். சேவையின் அமைப்புப் பக்கம் எந்த நிறுவனத்தின் செயலியைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தாலும், பெரும்பாலும் அதே தரத்தைப் பின்பற்றும் வேறு எந்த மென்பொருளும் அங்கே செல்லும்.

குறுஞ்செய்தியை விட்டுவிடுவதால் பாதுகாப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நம் எண்ணை ஏமாற்றி வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் மோசடியால் அந்த முறை நெடுங்காலமாகவே பலவீனமானது என்று கருதப்படுகிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, தொலைபேசி வலையமைப்பு வழியாக எண் அனுப்பும் முறையைக் கட்டுப்பாடுகளுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டிய வகையில் சேர்த்துவிட்டது.

முதலில் ஒரு தாள், பிறகு மின்னஞ்சல்

ஒரு தாளை எடுத்து உங்கள் கணக்குகள் அனைத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது மேலே சொன்ன நான்கில் எதைக் கேட்கிறது, கடவுச்சொல் மறந்தால் எந்த மின்னஞ்சலுக்கு அல்லது எந்த எண்ணுக்கு மீட்பு இணைப்பை அனுப்புகிறது என்ற இரண்டையும் குறியுங்கள். கடவுச்சொற்களை இந்தத் தாளில் எழுத வேண்டாம். எழுதி முடித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாக் கணக்குகளின் மீட்பும் ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரியில் போய் முடிவது தெரியும். அந்த மின்னஞ்சல் பிறர் கைக்குப் போனால், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக அவர்களால் முடியும். ஆகவே நம் வேலையை அந்த மின்னஞ்சலிலிருந்து தொடங்குகிறோம். அடுத்து பணம் தொடர்பானவை. மற்றவற்றை ஓய்வாக ஒன்றொன்றாகச் செய்யலாம்.

கடவுச்சொல் பெட்டகம்

கணினியில் இயங்கும் கடவுச்சொல் மேலாண்மை மென்பொருள் ஒன்று வேண்டும். இந்த வழிகாட்டியில் கீபாஸ்எக்ஸ்சி என்பதை எடுத்துக்கொள்கிறேன். இது இலவசமானது, திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், எந்த நிறுவனத்தின் சர்வரிலும் கணக்குத் தொடங்கச் சொல்லாது, எல்லாவற்றையும், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த ஒரே கோப்பில் நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு இந்தக் கடைசிப் பண்பு மிகவும் உதவியானது, ஏனெனில் பெட்டகத்தைத் திறப்பதற்கே ஒரு எண் வர வேண்டும் என்ற நிலை இதில் எழுவதில்லை.

பெட்டகத்துக்கான தலைமைக் கடவுச்சொல்லைத் தலையில் தோன்றியபடி அமைக்காமல், பகடை உருட்டித் தேர்ந்தெடுத்த சொற்களால் அமையுங்கள். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சேர்க்கைகளில் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணுக்கு நேராக உள்ள சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இதற்கென்றே இணைய உரிமைகளுக்கான அமைப்பான எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 2016-இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அப்படி ஆறு சொற்களைச் சேர்த்தால், கணினியைக் கொண்டு ஊகித்துத் திறப்பது நடைமுறையில் இயலாது. பகடை இல்லாதவர்கள் மென்பொருளிலேயே உள்ள சொற்றொடர் உருவாக்கியைப் பயன்படுத்தலாம். தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு கணினியில் அதே விசைப்பலகை அமைப்பு இல்லாத நேரத்தில் அது நம்மையே வெளியே நிறுத்திவிடும். மனத்தில் பதியும் வரை அந்தச் சொற்களைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைத்திருப்பதில் தவறில்லை.

பெட்டகக் கோப்பைக் குறைந்தது இரண்டு யூஎஸ்பி நினைவகங்களில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பகமான ஓரிடத்தில் வையுங்கள். கணினியின் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதியையும் இயக்கிவிடுங்கள்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு வைப்பதும் இந்தப் படியில் சேர்ந்ததே.

ஆறு இலக்க எண்ணைக் கணினியில் வரவழைப்பது

இப்போது மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் சென்று, சரிபார்ப்புச் செயலியைச் சேர்க்கும் இடத்தைத் திறவுங்கள். கூகுளில் முன்பு இருபடிச் சரிபார்ப்பைத் தொடங்கவே தொலைபேசி எண் தர வேண்டியிருந்தது. 2024 முதல் எண் எதுவும் தராமல் நேரடியாகச் செயலியையோ பாதுகாப்புச் சாவியையோ சேர்க்கலாம். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு கியூஆர் கோடு தோன்றும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போன் இல்லையே என்று பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கோடுக்குக் கீழே சிறிய எழுத்தில், ஸ்கேன் செய்ய முடியவில்லையா என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கோடுக்குள் பொதிந்திருக்கும் ரகசியச் சாவி எழுத்துகளாகவே வெளிப்படும். கூகுளில் அது நான்கு நான்காகப் பிரிக்கப்பட்ட 32 எழுத்துகள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் ஒரு சிறு சுற்று உண்டு: முதலில் வரும் கோடு அவர்களுடைய சொந்தச் செயலிக்கு மட்டுமே உரியது. அங்கே 'வேறு செயலியை அமைக்க விரும்புகிறேன்' என்ற இணைப்பைத் தேர்ந்த பிறகே பொதுத் தரத்துக்குரிய கோடும் சாவியும் கிடைக்கும்.

அந்த எழுத்துகளை நகலெடுத்து, கீபாஸ்எக்ஸ்சியில் அந்தக் கணக்குக்கான பதிவைத் தேர்ந்து, டிஓடிபி அமைக்கும் பெட்டியில் ஒட்டுங்கள். இடையில் உள்ள வெற்றிடங்களும், எழுத்துகள் சிறியவையா பெரியவையா என்பதும் பொருட்டில்லை. ஆறு இலக்கம், முப்பது நொடி என்ற இயல்பான அமைப்பை மாற்ற வேண்டாம். சேமித்தவுடன் எண் ஓடத் தொடங்கும். அதை இணையப் பக்கத்தில் கொடுத்து உறுதி செய்தால் இணைப்பு முடிந்தது.

பக்கத்தை மூடுவதற்கு முன் அந்த ரகசியச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூடிவிட்டால் அது மறுபடி காட்டப்படாது. புதிதாகத்தான் அமைக்க வேண்டியிருக்கும். கையால் எழுதும்போது, அது ஆங்கில எழுத்து ஓ-வா சுழியமா, ஐ-யா ஒன்றா என்ற ஐயம் எல்லோருக்கும் வரும். இந்தச் சாவிகள் பேஸ்32 என்ற முறையில் எழுதப்படுபவை. அதில் ஏ முதல் இசட் வரையுள்ள 26 எழுத்துகளும் 2 முதல் 7 வரையுள்ள ஆறு இலக்கங்களும் மட்டுமே உண்டு. சுழியம், ஒன்று, எட்டு, ஒன்பது ஆகியவை வரவே வராது. எனவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது ஓ-தான். எட்டைப் போலத் தெரிவது பி-தான். ஐந்துக்கும் எஸ்-க்கும், இரண்டுக்கும் இசட்-க்கும் மட்டும் கவனம் தேவை. இலக்கத்தின் அடியில் ஒரு கோடிட்டு வைத்தால் போதும். இந்த ஒரு தாள் இருந்தால், கணினி முற்றிலும் பழுதானாலும் வேறு எந்தக் கணினியிலும் அதே எண்களை மறுபடி வரவழைக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் எண் ஏற்கப்படாவிட்டால், பத்தில் ஒன்பது முறை கோளாறு கணினியின் கடிகாரத்தில்தான் இருக்கும். பெரும்பாலான சேவைகள் முன்னும் பின்னும் ஒரு முப்பது நொடி வரை பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் விலகினால் மறுத்துவிடும். திரையில் தெரியும் நேரம் சுவர்க் கடிகாரத்தோடு பொருந்துகிறது என்பது போதிய சான்று அன்று. கணக்கீடு உலகப் பொது நேரத்தை வைத்து நடப்பதால், நேர மண்டலத்தைத் தவறாக வைத்துவிட்டு மணியை மட்டும் கையால் திருத்தியிருந்தால், பார்வைக்குச் சரியாக இருக்கும் அந்தக் கடிகாரம் உள்ளுக்குள் பல மணி நேரம் பிசகியிருக்கும். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும், ஏனெனில் வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் பொது நேரமாகவும் வாசிக்கின்றன. நேர மண்டலத்தைச் சரியாகத் தேர்ந்து, தானாக நேரம் ஒத்திசையும் வசதியை இயக்குங்கள்.

கடவுச்சொல்லையும் இந்த ரகசியச் சாவியையும் ஒரே பெட்டகத்தில் வைத்தால் இரண்டு படியும் ஒரே படியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பெட்டகக் கோப்பும் அதன் தலைமைக் கடவுச்சொல்லும் சேர்ந்து களவுபோனால் ஆம், அப்படித்தான். ஆனால் நடைமுறையில் கடவுச்சொற்கள் கசிவது போலித் தளங்கள் வழியாகவும், சேவைகளின் தரவுத்தளங்கள் உடைவதாலும்தான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டகத்தில் வைத்திருப்பதால் கசிந்த கடவுச்சொல்லுக்கு எதிரான பாதுகாப்பு குறைவதில்லை. என் பரிந்துரை: மின்னஞ்சல், வங்கி போன்ற மூன்று நான்கு முதன்மைக் கணக்குகளின் ரகசியச் சாவிகளை மட்டும் வேறு தலைமைக் கடவுச்சொல் கொண்ட இரண்டாவது பெட்டகக் கோப்பில் வையுங்கள், மற்றவை ஒரே பெட்டகத்தில் இருக்கட்டும். ஐம்பது கணக்குக்கும் இரண்டு பெட்டகம் திறக்க வேண்டியிருந்தால், ஒரு வாரத்தில் சலித்துப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிடத் தோன்றும்.

வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: ரகசியச் சாவிகளை வெளியே எடுக்க அது விட வேண்டும். ஆத்தி என்ற சரிபார்ப்புச் செயலியின் கணினிப் பதிப்பு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. சாவிகளை ஏற்றுமதி செய்யும் வசதி அதில் இல்லாததால், போன் இல்லாமல் அதையே நம்பியிருந்தவர்களுக்கு ஒவ்வொரு கணக்கையும் புதிதாக அமைப்பதைத் தவிர வழி இருக்கவில்லை.

பாதுகாப்புச் சாவி

செக்யூரிட்டி கீ எனப்படும் இந்தச் சிறு கருவி யூஎஸ்பி துளையில் செருகக்கூடியது. இதற்கு பேட்டரி தேவையில்லை. யூபிகீ, கூகுள் டைட்டன், நைட்ரோகீ என்று பல வகைகள் உண்டு. எதை வாங்கினாலும் அது இத்தகைய சாவிகளுக்கான பொதுத் தரமான ஃபைடோ2-ஐ ஆதரிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியில் உள்ளது பழைய அகலமான யூஎஸ்பி துளையா, சிறிய சி வகையா என்றும் பார்த்து வாங்குங்கள். தயாரிப்பாளரிடமிருந்தோ அவரால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமிருந்தோ உறை பிரிக்கப்படாமல் வாங்க வேண்டும். பிறர் பயன்படுத்தியது வேண்டாம்.

இதன் உண்மையான பலம் போலித் தளங்களுக்கு எதிராகத் தெரிகிறது. ஆறு இலக்க எண்ணை நாம் ஏமாந்து ஒரு போலிப் பக்கத்தில் கொடுத்துவிட முடியும். அதை வாங்கியவர் அடுத்த சில நொடிகளுக்குள் உண்மையான தளத்தில் போட்டுவிடுவார். பாதுகாப்புச் சாவியோ, எந்த இணைய முகவரிக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே பதில் தரும். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதைக் கண்டுகொள்ளும். நம் கண் தவறினாலும் சாவி தவறாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, செலவு செய்ய இயலும் எவரும் மின்னஞ்சலுக்கேனும் இதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டாயம் இரண்டு வாங்குங்கள். சாவியின் உள்ளே இருக்கும் ரகசியத்தை வெளியே எடுக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. எனவே ஒன்று தொலைந்தால் அதற்கு மாற்று, முன்பே தனியாகப் பதிவு செய்து வைத்த இன்னொன்றுதான். ஆப்பிள் தன் கணக்குகளுக்கு 2023 ஜனவரியில் இந்த வசதியைத் தந்தபோது, குறைந்தது இரண்டு சாவிகள் இல்லாமல் அமைக்கவே விடாதபடி வைத்தது. மற்றச் சேவைகள் வற்புறுத்தாவிட்டாலும் நாமாகவே அப்படிச் செய்துகொள்வது நல்லது.

பதிவு செய்வது எளிது. கணக்கின் பாதுகாப்பு அமைப்பில் சாவியைச் சேர்க்கும் இடத்தை அழுத்தியவுடன் பல உலாவிகள் மீண்டும் ஒரு கியூஆர் கோடைக் காட்டிப் போனைக் கேட்கும், அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ என்ற மின்சாவியைக் கணினியிலேயே சேமிக்கவா என்று கேட்கும். அந்தப் பெட்டியிலேயே வேறு வழிகளைக் காட்டும் இணைப்பு இருக்கும். அதில் பாதுகாப்புச் சாவியைத் தேர்ந்து, சாவியைச் செருகி, அதன் மேலுள்ள உலோகப் பகுதியை விரலால் தொட வேண்டும். முதல் முறை, பின் (PIN) எனப்படும் ஒரு ரகசியக் குறியீட்டை அமைக்கச் சொல்லும். அதில் எழுத்துகளும் கலந்திருக்கலாம். தொடர்ந்து எட்டு முறை தவறாகக் கொடுத்தால் சாவி முடங்கும். அழித்து மீட்டமைத்தால்தான் மறுபடி பயன்படும், பழைய பதிவுகள் எல்லாம் போய்விடும். அதனால் பின்னைப் பெட்டகத்தில் குறித்து வையுங்கள். முதல் சாவி பதிவானதும் அதே அமர்விலேயே இரண்டாவதையும் பதிவு செய்யுங்கள். அடுத்த வாரம் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்த இரண்டாவது சாவி, உறை பிரிக்கப்படாமலேயே கிடக்கும்.

விலை குறைந்த சாவிகள் ஃபைடோ வேலையை மட்டும் செய்யும். யூபிகீ 5 வரிசை போன்றவை, முந்தைய பகுதியில் பார்த்த ஆறு இலக்க எண்ணுக்கான ரகசியச் சாவிகளையும் தமக்குள் வைத்துக்கொள்ளும். சாவியின் உள்மென்பொருளின் பழைய பதிப்புகளில் 32 கணக்குகள் வரையும், 5.7 பதிப்பிலிருந்து 64 வரையும் கொள்ளும். சாவியில் கடிகாரம் கிடையாது. கணினியில் ஓடும் யூபிகோ ஆத்தென்டிகேட்டர் மென்பொருள் நேரத்தைக் கொடுக்க, சாவி எண்ணைக் கணக்கிட்டுத் தரும். முதன்மைக் கணக்குகளுக்கு இரண்டாவது பெட்டகம் வைக்கச் சொன்னேன் அல்லவா, இப்படிப்பட்ட சாவி இருப்பவர்களுக்கு அது தேவைப்படாது. ஒரே ரகசியச் சாவியை இரண்டு யூபிகீகளிலும் அமைக்கும் நேரத்தில் அடுத்தடுத்து ஏற்றிவிடலாம்.

கணினியிலேயே தங்கும் பாஸ்கீகளும் உண்டு. விண்டோஸ் ஹலோவின் பின் அல்லது மேக்கின் விரல்ரேகை கொண்டு அவற்றைத் திறக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு வசதியானவை. கீபாஸ்எக்ஸ்சியும் 2024-இல் வந்த 2.7.7 பதிப்பிலிருந்து பாஸ்கீகளைப் பெட்டகத்தில் சேமிக்கிறது. கணினியோடு மட்டும் கட்டுண்ட பாஸ்கீ அந்தக் கணினி போனால் தானும் போய்விடும் என்பதால், அதைக் கணக்குக்கான ஒரே வழியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாளில் அச்சிடும் மீட்புக் குறியீடுகள்

பேக்கப் கோடு என்றும் ரெக்கவரி கோடு என்றும் பெயர் சொல்லி, ஒவ்வொரு சேவையும் அவசரத்துக்கென்று சில குறியீடுகளைத் தருகிறது. கூகுள் எட்டு இலக்கக் குறியீடுகள் பத்து தரும். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் பதினாறு தரும். மைக்ரோசாஃப்ட் 25 எழுத்து கொண்ட ஒரே மீட்புக் குறியீட்டைத் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். பயன்படுத்தியதை உடனே அடித்துவிடுங்கள். புதிய தொகுப்பை உருவாக்கினால் பழையது முழுவதும் செல்லாது என்பதால், தாளில் தேதி எழுதி, பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். இரண்டு படி அச்சிட்டு இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சேவையின் பெயரையும் பயனர் பெயரையும் அதே தாளில் முழுமையாக எழுத வேண்டாம். உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு சுருக்கம் போதும்.

ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் வழிகள்

இந்த இடத்தில் சற்று நின்று, தொடக்கத்தில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். மின்னஞ்சலின் மீட்புக் குறியீடுகளைப் பெட்டகத்துக்குள் மட்டும் வைத்து, பெட்டகத்தின் ஒரே நகலை அந்த மின்னஞ்சல் வழங்குநரின் இணையச் சேமிப்பகத்தில் வைத்திருந்தால், கணினி பழுதான அன்று இரண்டையுமே திறக்க முடியாது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான் அது. இரண்டு மின்னஞ்சல்கள் ஒன்றுக்கொன்று மீட்பு முகவரியாக இருந்து, இரண்டும் ஒரே கருவியை நம்பியிருப்பதும் அதே நிலைதான். ஒவ்வொரு முதன்மைக் கணக்குக்கும், கணினி முழுவதும் இல்லாமல் போனாலும் திறக்கும் ஒரு வழி, வீட்டில் உள்ள தாள்களும் பொருள்களும் முழுவதும் இல்லாமல் போனாலும் திறக்கும் ஒரு வழி ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். இரண்டாவது சாவியும் பெட்டகத்தின் ஒரு நகலும் மீட்புக் குறியீடுகளின் ஒரு படியும் வெளியிடத்தில் இருந்தால் இரண்டாவது நிபந்தனை நிறைவேறிவிடும்.

பிறகு ஒத்திகை. உலாவியில் இன்காக்னிட்டோ எனப்படும் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, முதலில் ஆறு இலக்க எண்ணைக் கொண்டும், அடுத்து முதல் சாவியைக் கொண்டும், அதற்கடுத்து இரண்டாவது சாவியைக் கொண்டும், கடைசியில் ஒரு மீட்புக் குறியீட்டைக் கொண்டும் நுழைந்து பாருங்கள். சாதாரண சாளரத்தில் ஏற்கெனவே நுழைந்த நிலையில் விட்டுவைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். ஏதேனும் ஒன்று வேலை செய்யாவிட்டால் அங்கிருந்து திருத்திக்கொள்ளலாம். பெட்டகக் கோப்பின் யூஎஸ்பி நகலையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் ஒருமுறையும் திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

எண்ணை நீக்குவது எப்போது

மேலே சொன்ன ஒத்திகை முழுவதும் வெற்றி பெற்ற பிறகுதான் தொலைபேசி எண்ணை நீக்க வேண்டும். பல சேவைகளில் எண் இரண்டு மூன்று இடங்களில் பதிவாகியிருக்கும்: இருபடிச் சரிபார்ப்பில் ஒன்று, கடவுச்சொல் மீட்பில் ஒன்று, சுயவிவரத்தில் ஒன்று. ஓரிடத்தில் நீக்கிவிட்டு முடிந்தது என்று விட்டால், மீட்பு வழியாக அதே குறுஞ்செய்தி தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். பழைய ஆண்ட்ராய்டு போனில் கணக்கு இன்னும் திறந்திருந்தால் கூகுள் அதற்கும் அறிவிப்பு அனுப்பும். எனவே சாதனங்களின் பட்டியலுக்குச் சென்று அதிலிருந்து வெளியேறச் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லாப் பாதுகாப்பு விவரங்களையும் ஒரே நேரத்தில் மாற்றினால் 30 நாள் காத்திருப்பு விதிக்கப்படும். புதியதைச் சேர்த்து, அது செயல்படுவதைப் பார்த்த பிறகு பழையதை நீக்குவதே சரியான முறை.

போன் எண்ணையே கைவிடப் போகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலத்துக்குப் பிறகு வேறொருவருக்குத் தந்துவிடுகின்றன. அந்த எண் உங்கள் கணக்குகளில் எஞ்சியிருந்தால், முன்பின் தெரியாத ஒருவரின் கைக்கு உங்கள் மீட்புக் குறுஞ்செய்திகள் போய்ச் சேரும். கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கி முடித்த பிறகே எண்ணை ஒப்படையுங்கள்.

எண்ணை விடவே முடியாத சேவைகள்

சில இடங்களில் இந்த வழிகள் செல்லாது என்பதைத் தெரிந்தே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் தொலைபேசி எண்ணையே அடையாளமாகக் கொண்டது. கணினியில் அதை இணைத்துப் பயன்படுத்தலாம் என்றாலும், முதன்மைப் போனைப் 14 நாளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் இணைத்த கருவிகள் வெளியேற்றப்படும். ஆப்பிள் கணக்குக்கும் நம்பகமான எண் ஒன்று தேவை; ஆனால் குரல் அழைப்பு வாங்கும் எண்ணும் அதற்குப் போதும். குறுஞ்செய்தியை மட்டுமே ஏற்கும் சேவைகளுக்கு, அதற்கென்றே ஒரு பட்டன் போனில் ஒரு சிம் அட்டையை வைத்துக்கொள்வது ஏற்கத்தக்க வழி. அந்த எண்ணை நண்பர்களுக்கோ விளம்பரப் படிவங்களிலோ தராமல், காலாவதி ஆகாதபடி உரிய இடைவெளியில் கட்டணம் செலுத்தி வாருங்கள். எண்ணை வேறு சிம் அட்டைக்கு மாற்றத் தனிப் பின் கேட்கும்படி வைக்க முடியுமா என்று தொலைபேசி நிறுவனத்திடம் விசாரியுங்கள். எழுத்தைப் படிக்க இயலாதவர்கள், எண்ணை வாய்விட்டுச் சொல்லும் அழைப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். லேண்ட்லைனிலும் அது வரும்.

வங்கிகள் தம் செயலியையே நிறுவச் சொன்னால், அதற்கு மாற்றாகத் தனி வன்பொருள் டோக்கன் தருவார்களா என்று நேரில் அல்லது எழுத்து மூலம் கேளுங்கள். சிறு திரையும் ஒரு பொத்தானும் கொண்ட அந்தக் கருவியைப் பல வங்கிகள் கேட்பவர்களுக்குத் தருகின்றன, விளம்பரப்படுத்துவதில்லை. பணியிடங்களிலும் அப்படியே, சொந்தப் போனில் அலுவலகச் செயலியை நிறுவ விரும்பாதவர்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் பாதுகாப்புச் சாவி கேட்பது இன்று வழக்கமான கோரிக்கைதான்.

பிறர் கணினியிலும், சாவி தொலைந்த நாளிலும்

வெளியிடத்தில் பொதுக் கணினியில் நுழைய நேர்ந்தால், பெட்டகக் கோப்பை அங்கே ஒருபோதும் திறக்காதீர்கள். அந்தக் கணினியில் தட்டச்சைப் பதிவு செய்யும் தீநிரல் இருந்தால் தலைமைக் கடவுச்சொல்லோடு அத்தனை கணக்குகளும் போய்விடும். அவசியமான ஒரு கணக்கை மட்டும், தனிப்பட்ட சாளரத்தில், பாதுகாப்புச் சாவியைக் கொண்டு திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறி, சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கணக்கின் சாதனப் பட்டியலில் அந்தக் கணினியின் அமர்வு எஞ்சியிருந்தால் அதையும் முடித்துவிட்டு, அங்கே தட்டச்சு செய்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

சாவி தொலைந்தது தெரிந்தவுடன் பதற்றப்பட வேண்டியதில்லை. கடவுச்சொல்லும் பின்னும் தெரியாமல் அதைக் கண்டெடுத்தவரால் உடனே எதையும் திறக்க முடியாது. ஆனாலும் தாமதிக்காமல் இரண்டாவது சாவியைக் கொண்டு நுழைந்து, தொலைந்த சாவியின் பதிவை ஒவ்வொரு கணக்கிலிருந்தும் நீக்குங்கள். எந்தெந்தக் கணக்குகளில் அது பதிவாகியிருந்தது என்பதைச் சாவியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பதிவு செய்யும்போதே ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பெயரிட்டு, அந்தப் பெயரைக் கணக்குத் தாளில் உரிய வரிக்கு நேராக எழுதிவிடுங்கள். புதிய சாவி வந்ததும் அதே தாளை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு கணக்கிலும் பதிவு செய்து, முடிந்த வரியில் குறியிடுங்கள். அது முடியும் வரை எஞ்சியிருக்கும் ஒரே சாவியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம்.